குளிரில் பிள்ளைகளின் ஜாக்கெட்டைக் கழற்ற வைக்காதீர்கள்: எஸ்.ஜி.பி.யில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

ஜோகன்னஸ்பர்க் வட்டாரப் பள்ளிகளின் ஆட்சிக்குழுக்களில் (எஸ்.ஜி.பி.) பெற்றோர் சார்பில் அமர்ந்திருக்கும் தமிழ் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். இங்கே குளிர்காலமான மே தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை பிள்ளைகள் சீருடைக்கு மேல் எந்த ஜாக்கெட் போட்டு வந்தாலும், எந்தக் குல்லாயும் கையுறையும் மாட்டி வந்தாலும், வாசலில் நிறுத்திக் கழற்றச் சொல்லக் கூடாது என்று உங்கள் பள்ளியில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். கறுப்பு, கருநீலம் என்று நிறத்தைச் சொல்ல நினைத்தால் சொல்லிக்கொள்ளுங்கள். பள்ளிச் சின்னம் தைத்த ஜாக்கெட்தான் வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

தலைமையாசிரியர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி அரசுப் பள்ளியின் நடத்தை விதிகளை வகுப்பது எஸ்.ஜி.பி.தான். பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், பிள்ளைகள் என்ன உடுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. குழுவில் வாக்குரிமை உள்ள மற்றவர்கள் எத்தனை பேரோ, அதைவிட ஒருவர் கூடுதலாகப் பெற்றோர் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பெரும்பான்மை நம்மிடம் இருக்கிறது. 2024 மார்ச்சில் நாங்கள் ஓட்டுப் போட்டுத்தான் உங்களை அனுப்பினோம். 'இது ஸ்கூல் ரூல், நான் ஒன்றும் செய்ய முடியாது' என்று வாசலில் நிற்கும் ஆசிரியை சொல்லலாம். நீங்கள் அப்படிச் சொல்ல முடியாது.

டர்பனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் குளிரைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அங்கே ஜூலையிலும் பிள்ளைகள் கடற்கரையில் விளையாடுகிறார்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் இங்கே மழை இல்லை, மேகம் இல்லை. பகலில் தரையில் ஏறிய சூடெல்லாம் இரவில் வானத்தோடு போய்விடும். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. லெனேசியா மாதிரி கிளிப் ஆற்றை ஒட்டிய தாழ்வான பக்கங்களில் குளிர்ந்த காற்று வந்து தேங்கி நின்றுவிடுகிறது. அதே நாளில் மதியம் வெயில் சுள்ளென்று அடித்துப் பதினேழு, பதினெட்டு டிகிரிக்கு ஏறிவிடும். ஆகவே அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு போய், நேரம் ஆக ஆக ஒவ்வொன்றாகக் கழற்றும் உடைதான் இந்த ஊருக்கு ஏற்றது. எப்போது கழற்றுவது என்று பிள்ளையின் உடம்புக்குத் தெரியும்.

ஜூன் மாதத்தில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்குச் சற்று முன்னால். வேனில் போகும் பிள்ளைகள் ஆறு மணி இருட்டிலேயே தெருவில் நிற்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்திருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருக்கித்தான் மகளுக்குத் தலை பின்ன முடியும். இட்லி மாவு பொங்க வேண்டுமென்றால் இரவே பாத்திரத்தை ஓவன் அடுப்புக்குள் வைத்து விளக்கைப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். என் மகனுடைய பள்ளிச் சட்டையைப் போர்வைக்கு அடியில் அவன் கால்மாட்டிலேயே வைத்துவிடுவேன். காலையில் சில்லென்று உடம்பில் படாது, அழாமல் போட்டுக்கொள்வான். மூக்குக்குள் வறண்டு ரத்தம் வராமல் இருக்க வாஸ்லின். உதட்டுக்கும் அதுவே. லோட் ரிடக்ஷன் என்ற மின்வெட்டு நடக்கும் பகுதி என்றால் காலை ஐந்து மணிக்கே மின்சாரம் போய் ஒன்பதுக்குத்தான் வரும். கீசர் இல்லை, கெட்டில் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கேஸ் அடுப்பில் ஒரு வாய் ஓட்ஸ் கஞ்சி வைத்துக் கொடுத்து, கிடைத்ததையெல்லாம் மேலே மாட்டி அனுப்புகிறோம். அந்தப் பாடெல்லாம் பள்ளி வாசலில் ஒரு நிமிடத்தில் வீணாகிறது.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். இது ஒரு பள்ளியின் குறை மட்டும் அல்ல. போன ஜூனில் ஒரு காலை. வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. சின்னம் இல்லாத ஜாக்கெட்டையெல்லாம் கழற்றி அதில் போடச் சொன்னார்கள். கிரேடு 1, கிரேடு 2 பிள்ளைகள். சிலருக்கு ஜிப்பைக்கூடத் தானாக இறக்கத் தெரியாது. பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி குனிந்து குனிந்து இறக்கிவிட்டாள். பிறகு அசெம்ப்ளி. முற்றத்தின் தெற்குப் பக்கம், கட்டடத்தின் நிழல் விழும் சிமெண்ட் தரையில் வரிசை. பாட்டு, அறிவிப்பு, நெட்பால் அணிக்குக் கைதட்டல். வெயில் நாலடி தள்ளி விழுந்துகொண்டிருந்தது. வரிசையை நாலடி நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் மகனின் நோட்டைத் திறந்தேன். முதல் பாடவேளையில் எழுதிய பக்கம். தேதியின் எண்கள் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போயிருந்தன. மூன்றாம் வரிக்குப் பிறகு எழுத்து இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில், கையெழுத்தைக் கவனிக்கவும் என்று ஒரு குறிப்பு. 'விரலே வரலைம்மா' என்றான். அதே நோட்டில் பதினொரு மணிக்கு மேல் எழுதிய பக்கத்தில் எழுத்து அழகாக, நேராக இருந்தது. ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கட்டடமும் கோடையை மனதில் வைத்துக் கட்டியது, தகரக் கூரை, ஹீட்டர் கிடையாது, அவரும் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பாடம் நடத்துகிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

பணத்தைப் பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறோம், பேசித்தான் ஆக வேண்டும். சின்னம் தைத்த ஜாக்கெட்டை ஒரே கடையில்தான் வாங்க முடிகிறது. பெப், ஆக்கர்மன்ஸ் மாதிரி மலிவு விலைத் துணிக்கடைகளில் அதே கனமுள்ள சாதா ஜாக்கெட்டுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு. இரண்டு பிள்ளைகள் இருந்தால்? ஒரே வருடத்தில் கை மணிக்கட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டால்? சீருடை விலை குறைவாக, எந்தக் கடையிலும் கிடைக்கும்படி பொதுவானதாக இருக்க வேண்டும் என்று 2006இலேயே தேசியக் கல்வித் துறை வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஒரே கடைக்கு மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள் என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையமும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. இவற்றைக் கூட்டத்தில் எடுத்து மேசைமேல் வைப்பது உங்களால் முடிந்த காரியம்.

எதிர்ப்பு எப்படி வரும் என்றும் தெரியும். சீருடையைத் தளர்த்தினால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் விலை உயர்ந்த பிராண்டு போட்டு வருவார்கள், மற்றப் பிள்ளைகள் மனம் ஏங்கும் என்பார்கள். இது நியாயமான கவலை. ஏற்றத்தாழ்வு இவ்வளவு கூர்மையாக இருக்கும் இந்த நாட்டில் சீருடைக்கு ஒரு மதிப்பு இருப்பதை நானும் மறுக்கவில்லை. அதனால்தான் கருநீலம் அல்லது கறுப்பு, பெரிய எழுத்தோ படமோ இல்லாதது என்று வரையறுத்துவிடலாம் என்கிறேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள்: இன்றைய விதியில் ஏங்கி நிற்பது யார்? சின்னம் வைத்த ஜாக்கெட் வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளை கதகதப்பாக நிற்கிறது, வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை வெறும் ஜெர்சி ஸ்வெட்டரோடு நடுங்குகிறது. யார் வீட்டில் காசு இல்லை என்று முழுப் பள்ளியும் பார்த்துக்கொள்கிறது. சிவ்வீஸ் டே அன்று ஐந்து ராண்ட் வாங்கிக்கொண்டு எந்த உடைக்கும் அனுமதி கொடுக்கிறோம். அன்றைக்கு எந்த ஒழுங்கும் கெட்டுப்போவதில்லை.

விதிவிலக்கு கொடுத்தால் பள்ளியே குலைந்துவிடும் என்ற பயத்தை இந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. அது ஏற்காத வழக்கு நம் வீட்டுப் பிள்ளையின் வழக்குதான். டர்பனில் ஒரு பள்ளி மாணவி மூக்குத்தி போடக் கூடாது என்று பள்ளி மறுத்தது. தாய் விடவில்லை. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு, தென்னிந்தியத் தமிழ் இந்துப் பண்பாட்டின் அங்கமான அந்த மூக்குத்திக்கு விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று சொன்னது. அந்தச் சிறிய மூக்குத்தியால் பள்ளியின் ஒழுங்கு கெட்டது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு மூக்குத்திக்காக ஒரு தமிழ்த் தாய் உச்ச மன்றம்வரை போன நாட்டில், உறைபனியில் ஒரு ஜாக்கெட்டுக்காக நாம் கூட்டத்தில் கையை உயர்த்தலாம்.

2024 செப்டம்பரில் அதிபர் ராமபோசா கையெழுத்திட்ட பெலா சட்டம் (அடிப்படைக் கல்விச் சட்டங்களைத் திருத்திய சட்டம்) இன்னும் தெளிவாகவே சொல்கிறது: நடத்தை விதிகள் பிள்ளைகளின் பண்பாடு, சமயம், உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும், விலக்கு கேட்க வழி இருக்க வேண்டும். உடல்நிலை என்ற சொல்லை ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். நம் ஊரில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. குளிர்காலக் காலையில் மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்பதால் நிலக்கரிப் புகையும், எரிந்த புல்வெளியின் புகையும், சுரங்க மேடுகளின் தூசியும் மேலே போக முடியாமல் தரையை ஒட்டியே கிடக்கும். அந்த நேரத்தில்தான் அசெம்ப்ளி. பையில் ஆஸ்துமா பம்ப் (இன்ஹேலர்) இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். கழுத்தையும் வாயையும் மூடிக்கொள்ள அனுமதித்தாலே பம்ப் பல நாள் வெளியே வராது. ஆனால் ஒன்று: மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் அனுமதி என்று முடித்துவிடாதீர்கள். குளிருக்குச் சீட்டு தேவையில்லை, அது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான்.

பெண் பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை என்பதையும் இதோடு சேர்த்துப் பேசிவிடுங்கள். பாவாடையும் மெல்லிய டைட்ஸும் போட்டு, முழங்காலில் தோல் வெடித்து வரும் எட்டு வயதுப் பெண்ணுக்கு நான் என் கையால் கிரீம் தடவியிருக்கிறேன். அண்ணன் போடும் அதே சாம்பல் கால்சட்டையை அவளும் போட்டால் போதும், புதிதாக எதையும் தைக்க வேண்டியதில்லை.

இனி நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த குடும்பங்கள் பள்ளி சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம். விசா பேப்பரில் இருப்பவர்கள், வம்பு எதற்கு, கேள்வி கேட்டால் பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற பயம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்களோ, 'நாங்களும் இப்படித்தான் படித்தோம்' என்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டு ஆயா, சிறுமியாக இருந்தபோது ஜெர்சிக்கு உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனதைச் சொல்வார். பெருமைக்காக அல்ல, 'எங்களுக்குக் கேட்க உரிமை இல்லை, உங்களுக்கு இருக்கிறது' என்று சொல்லத்தான். இனவெறி ஆட்சி (அபார்ட்ஹெய்ட்) இந்தியருக்கென்று லெனேசியாவை வரைந்து நம்மவர்களை அங்கே தள்ளிய காலத்தில் பெற்றோருக்குப் பள்ளியில் குரல் கிடையாது. இன்று சட்டம் போட்டுக் கொடுத்த நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள்.

'அப்படி என்ன குளிர்' என்று யாராவது கூட்டத்தில் கேட்டால் 2023 ஜூலை 10ஐ நினைவுபடுத்துங்கள். 2012க்குப் பிறகு முதல்முறையாக நகரத்தில் பனி பெய்தது. அன்று பள்ளி விடுமுறை. பெரியவர்கள் எல்லோரும் இருப்பதையெல்லாம் போர்த்திக்கொண்டுதான் வெளியே வந்து படம் எடுத்தோம். விடுமுறைக்குள் வந்ததால் தப்பித்தோம். விடுமுறைக்கு முந்திய ஜூனும் பிந்திய ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும் பள்ளி நாட்களே.

ஒரு பருவத்துக்கு ஒருமுறையாவது எஸ்.ஜி.பி. கூட வேண்டும் என்பது சட்டம். இந்தப் பருவக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லிச் செயலாளருக்கு இந்த வாரமே எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்: 'மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை மாணவர்கள் சீருடைக்கு மேல் கறுப்பு அல்லது கருநீல ஜாக்கெட், குல்லாய், கையுறை, கழுத்துத் துணி அணியலாம். பெண் பிள்ளைகள் முழுக்கால் சட்டை அணியலாம். சின்னம் கட்டாயமில்லை. காலை அசெம்ப்ளி வெயில் விழும் இடத்தில், அல்லது கூடத்துக்குள் நடக்கும்.' இதற்குப் பள்ளிக்கு ஒரு ராண்டும் செலவில்லை. பிள்ளையின் நலனே முதன்மை என்று சொல்லும் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவை அடியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

கூட்டத்தில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். வகுப்புப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறோம், அனுமதி கிடைத்தால் நேரில் வந்தும் பேசுகிறோம். மகனின் நோட்டையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கிரேடு 2 பிள்ளையின் தாய்,
லெனேசியா