கேட்டுக்கு வெளியேயும் அந்த ஒளிரும் ஜாக்கெட் வேண்டும்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பகுதித் தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். காலடிப்பேட்டையில் இருந்து மணலிக்குப் பதினோரு வருடமாகச் சைக்கிளில் வேலைக்கு வருகிறேன். காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் ஐந்தேகாலுக்கே கிளம்பிவிடுவேன். அந்த இருட்டில் ரோட்டில் இருப்பது கண்டெய்னர் லாரிகள், பால் வண்டிகள், அப்புறம் எங்களைப் போன்ற சைக்கிள்காரர்கள். பெட்ரோல் விற்கும் விலையில் ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்துக்கு பைக் கட்டுப்படியாகாது. அதனால் சைக்கிளை ஒழுங்காக வைத்துக்கொள்வது எங்களுக்குப் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

வண்டிக்கு வேண்டியதை எங்கள் காசிலேயே வாங்கிக்கொள்கிறோம். முன்பு டைனமோ விளக்குதான் வைத்திருந்தேன். சக்கரம் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஆனால் எம்.எஃப்.எல். சந்திப்பில் சிக்னலுக்காக நிற்கும்போதுதான் பின்னால் வருகிற லாரிக்கு நான் தெரிய வேண்டும். அதனால் சார்ஜ் போடும் சிவப்பு விளக்குக்கு மாறினேன். கடல் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் முழு செயின் கவர், வாரம் ஒரு முறை எண்ணெய். மழை வந்தால் இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி பிறப்பதற்குள் பிரேக் கட்டையை மாற்றிவிடுவேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் கம்பித் துண்டு குத்திப் பஞ்சர் ஆகாத மாதம் கிடையாது. ஆகவே சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை: ஒட்டுத் துண்டு, சொல்யூஷன், வால்டியூப், டயர் கழற்ற இரண்டு லீவர். ஹெல்மெட் போடச் சொல்லிச் சைக்கிளுக்குச் சட்டம் இல்லை. இருந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் எங்கள் கையில் இல்லாத சில விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அதற்காகத்தான் இந்த மடல்.

தொழிற்சாலைக்குள்ளே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது என்று ஒளிரும் பட்டை வைத்த ஜாக்கெட் இல்லாமல் எங்களை ஒரு அடி எடுத்துவைக்க விடுவதில்லை. அது சரியான விதி. எங்கள் உயிரைக் காக்கிற விதி. ஆனால் இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அதே ஜாக்கெட்டைக் கேட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கலர் மங்கிய சட்டையோடு ட்ரெய்லர்களுக்கு நடுவே இறங்குகிறோம். ட்ரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்திலேயே வராது, உள்வாங்கி வரும். அந்த மூலையில் நிற்கும் சைக்கிளை டிரைவர் கேபினில் இருந்து பார்க்கவே முடியாது. ஒரு நாள் என் ஹேண்டில்பாருக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. டயரின் சூடு காலில் பட்டது. திரும்புவதற்கு முன் அவர் கண்ணில் நான் பளிச்சென்று பட்டிருந்தால் அது நடந்திருக்காது.

தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்த்த 51-இ பிரிவு, வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நேரும் விபத்தை, வேலையோடு தொடர்பு நிரூபணமானால், வேலையில் பட்ட காயமாகவே ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் பாதுகாப்பு மட்டும் ஏன் கேட்டோடு முடிந்துபோக வேண்டும்?

அடுத்தது, நிறுத்துமிடம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பைக்குக்குக் கூரை போட்ட ஷெட் இருந்தது. சைக்கிளை அங்கே விடக் கூடாது என்று செக்யூரிட்டி வெளியே அனுப்பிவிடுவார். மதில் ஓரம் விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போவேன். ஒரு நாள் வந்து பார்த்தால் பின் சக்கரத்தின் மேல் ஏதோ வண்டி ஏறியிருந்தது. கோட்டம் எடுத்தும் சரியாகவில்லை, ரிம்மையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்று பாதித் தூரம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உங்கள் பைக் ஷெட்டில் ஒரு ஓரத்தை எங்களுக்கு விட்டால் போதும். சக்கரத்தை மட்டும் செருகுகிற பள்ளம் வேண்டாம், சைக்கிள் சாய்ந்தால் ரிம் வளையும். ஃப்ரேமைச் சேர்த்துப் பூட்ட இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புக் குழாய் போதும். பக்கத்தில் காற்றடிக்கும் பம்பு ஒன்று.

மழை நாளில் ரெயின்கோட்டை மீறி முழங்காலுக்குக் கீழே நனைந்துதான் வந்து சேர்கிறோம். கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று பேன்ட் மாற்றுகிறோம். பெண் தொழிலாளர்கள் பாடு இன்னும் மோசம். அதனாலேயே அவர்களில் பலர் சைக்கிளைத் தொடுவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 42-ஆம் பிரிவில் கழுவிக்கொள்ளும் வசதியைக் கட்டாயமாக்கியது. உடை வைக்கவும் ஈர உடை காயவைக்கவும் இடம் தரச் சொல்லி விதி செய்ய 43-ஆம் பிரிவில் மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக ஒரு சின்ன அறை, சுவரில் பத்துக் கொக்கி, ஒரு மின்விசிறி. இவ்வளவுதான் கேட்கிறோம்.

ஷெட்டுக்கும் அறைக்கும் நாளாகும், புரிகிறது. மழைக்காலத்துக்குள் முடித்துக் கொடுங்கள். ஜாக்கெட்டுக்கு அந்தத் தாமதம்கூடத் தேவையில்லை. வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்று கேட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இன்று இரவு ஷிஃப்ட் விடுவதற்கு முன்னால்.

இப்படிக்கு,
காலடிப்பேட்டையில் இருந்து ஒரு சைக்கிள் தொழிலாளி