டியூட்டி சார்ட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நர்ஸ்கள் ஒரு வருடம்கூட நிற்பதில்லை, எல்லாரும் வளைகுடாவுக்குப் பறந்துவிடுகிறார்கள் என்பது தனியார் மருத்துவமனை நிர்வாகங்களின் வழக்கமான புலம்பல். வெளிநாடு போகிறவர்கள் உண்டுதான். ஆனால் அதே சம்பளத்துக்குப் பக்கத்துத் தெரு மருத்துவமனைக்கு மாறுகிறவர்களுக்கு என்ன காரணம் சொல்வது? டியூட்டி சார்ட்டை விரித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

30 படுக்கை கொண்ட பொது வார்டு. ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் ஷிப்டுக்கு 5 பேர், மூன்று ஷிப்டுக்கு 15 பேர். அந்த 15 பேரை எடுத்ததோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஒருவருக்கு வார விடுமுறையே 52 நாள். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, பண்டிகை நாள்களைச் சேர்த்தால் 85 ஆகிவிடும். அவர் வேலைக்கு வருவது 280 நாள், வார்டு நடப்பதோ 365 நாள். 15-ஐ 365-ஆல் பெருக்கி 280-ஆல் வகுத்துப் பாருங்கள்: 20 பேர் வேண்டும். குறைகிற ஐந்து பேரின் வேலை இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவருக்கு டபுள் டியூட்டி. நைட் முடித்து, அடுத்த ஷிப்டு நர்ஸிடம் நோயாளிகளின் விவரத்தை ஒப்படைத்து ஹேண்டிங் ஓவர் கொடுத்துவிட்டு எட்டரைக்கு விடுதிக்குப் போனவருக்கு மதியமே 'ஈவினிங் வர முடியுமா சிஸ்டர்?' என்று போன் வரும். நைட் டியூட்டிக்குப் பிறகு கிடைக்க வேண்டிய ஓய்வு நாளான நைட் ஆஃப் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். ஐந்து பேர் சம்பளம் மிச்சம் என்று மகிழ்கிறவர்கள், புதிதாக வருகிறவர் தனியாக ஊசி போடப் பழகும்வரை சீனியர் ஒருவர் கூடவே நிற்கும் நேரத்தை எந்தச் செலவிலும் எழுதுவதில்லை.

சம்பளத்துக்கும் அளவுகோல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னபடி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். கேரளம் 2018-ல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை ரூ.20,000 என்று அறிவித்தே விட்டது.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டினால் ஆள் நிற்பார் என்பது மடத்தனம். சான்றிதழ் கைக்கு வரும் நாள்வரைதான் நிற்பார்; அதற்குள் அவர் படித்த கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் மருத்துவமனையின் பெயர் நாறிவிடும், அடுத்த பேட்ச் வராது. நர்ஸ்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்திலும் இதே மடத்தனம்தான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதை 2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கட்டாயமாக்கியது. பெயருக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடினால் ஈவினிங் ஷிப்டில் இருக்கும் தாய் குழந்தையை எங்கே விடுவார்?

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. அடுத்த மாத சார்ட்டை 20-ஆம் தேதிக்குள் ஒட்டுங்கள். தொடர் நைட்டை நான்கோடு நிறுத்துங்கள். டபுள் டியூட்டிக்கு அந்த மாதச் சம்பளத்தோடேயே தனியாகக் காசு கொடுங்கள். வார்டுக்கு வேண்டிய மருந்து, பொருள்களை எழுதி வாங்கும் இண்டெண்ட் எடுப்பதையும் இன்சூரன்ஸ் பேப்பருக்கு அலைவதையும் வார்டு கிளார்க் ஒருவரிடம் விடுங்கள். ராஜினாமா கடிதத்தில் எல்லாரும் 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் எழுதுவார்கள். ரிலீவிங் ஆர்டர் கையில் கிடைக்காதவரை உண்மை வராது. அதனால் சேர்ந்த மூன்றாம் மாதமே, இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்தில் இல்லாதபோது, கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட்,
மதுரை.