எலெக்டிவ் (விருப்பப் பாடம்) தேர்ந்தெடுப்பது: மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். மார்க் சுலபமாகக் கிடைக்கும் பாடம் எது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். படித்து முடித்ததும் எந்த வேலைக்குப் போக ஆசை என்பதை முதலில் யோசியுங்கள்.

டிசைன் பக்கம் போக நினைப்பவர்கள் நிலநடுக்கப் பொறியியலைத் தயவுசெய்து விடாதீர்கள். தூணின் மெயின் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டும்போது அதன் முனைக் கொக்கியை 90 டிகிரியில் மடக்கிவிட்டால், குலுக்கலில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அது விரிந்துவிடும். பிடிமானம் போய் உள்ளிருக்கும் மெயின் கம்பி பிதுங்கும். 2001 குஜராத் பூஜ் நிலநடுக்கத்தில் இப்படிப் போன தூண்கள் பல. அதனால்தான் ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தர விதி 135 டிகிரி கொக்கி கேட்கிறது. இதைப் புரிந்து படித்தவர் சைட்டில் கம்பியைப் பார்த்தே தப்பைச் சொல்லிவிடுவார். ஆனால் இதற்கு அடிப்படையான ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸில் (கட்டமைப்புப் பகுப்பாய்வில்) தடுமாறுபவர்கள் அதை இந்த விடுமுறையிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

மண், அஸ்திவாரம் பிடித்தவர்களுக்குத் தரை மேம்பாடு நல்ல பாடம். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதுபவர்களுக்கு எலெக்டிவைவிட அடிப்படைப் பாடங்களே முக்கியம், குழம்ப வேண்டாம்.

அப்புறம், என்.பி.டி.இ.எல். (NPTEL) ஆன்லைன் படிப்பு வழியாக எலெக்டிவ் எடுப்பவர்கள் துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். சான்றிதழுக்கு அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டுமே வேண்டும். அசைன்மென்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

போதிய பேர் சேராவிட்டால் ஒரு பாடம் நடக்காமல் போகலாம். எனவே இரண்டாவது விருப்பத்தையும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.