சாயம் போடுறதுக்கு முன்னாடி நூலைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வீட்டுக்குறிப்பு பகுதியில பழைய துணிக்கு வீட்டுலயே கலர் மாத்துறது பத்தி போட்டிருந்தீங்க, வெளுத்துப்போன சட்டையைத் தூக்கிப்போடாம திரும்பப் போட்டுக்கலாம்னு சொன்னது ரொம்ப சந்தோஷம், ஆனா எந்தத் துணியா இருந்தாலும் கொஞ்சம் வினிகர் ஊத்தினா கலர் நிக்கும்னு எழுதினது தப்புங்க.

வினிகர் வேலை செய்யுறது பட்டு, கம்பளிக்குப் போடுற ஆசிட் சாயத்துக்குத்தான். காட்டனுக்கு ரியாக்டிவ் சாயம் வேணும், 1956லயே விற்பனைக்கு வந்தது, கொதிக்கக்கூட வைக்க வேண்டாம், உப்பு போட்டா சாயம் துணிப்பக்கம் போகும், அப்புறம் வாஷிங் சோடா போட்டாத்தான் நூலோட கெட்டியா பிடிச்சுக்கும். அதுல போய் வினிகர் ஊத்தினா சோடாவோட வேலையே கெட்டுடும். பாலியஸ்டருக்கு இது ரெண்டுமே ஏறாது, அதுக்குத் தனி சாயம், நல்லா கொதிக்கவும் வைக்கணும்.

நான் ஒரு வெள்ளை காட்டன் சட்டையை நேவி ப்ளூ ஆக்கினேன். துணியில கலர் அருமையா ஏறுச்சு, ஆனா காலர் ஓரம், பாக்கெட், பட்டன் ஓட்டையைச் சுத்தி தையல் மட்டும் சாக்பீஸ்ல கோடு போட்ட மாதிரி வெள்ளையாவே நின்னுச்சு. தையல் நூல் பாலியஸ்டர்னு அப்பத்தான் புரிஞ்சுது. ரெடிமேட்ல பெரும்பாலும் இப்படித்தான், இதை முன்னாடியே சொல்லிட்டா மனசு கஷ்டப்படாது.

லேபிள் கிழிஞ்சு போயிருந்தா உள்பக்கத் தையல் நூலை எடுக்காம, துணியில இருந்தே ஒரு இழையை உருவி இடுக்கியில பிடிச்சு தீயில காட்டுங்க. காகிதம் எரியுற வாசனையோட சாம்பல் உதிர்ந்தா காட்டன், முடி கருகுற நாத்தம் வந்தா பட்டோ கம்பளியோ, உருகி கெட்டியா மணி மாதிரி உருண்டா பாலியஸ்டர் மாதிரி செயற்கை நூல்.

இன்னொண்ணு, பழைய கலர் மேல புதுசு சேரும், அதை மறைக்காது. நீலத்து மேல மஞ்சள் போட்டா பச்சைதான் வரும், அடர் கலரை வெளிர் ஆக்க சாயத்தால முடியவே முடியாது.

சமைக்கிற பாத்திரத்தை இதுக்கு எடுக்கவே கூடாது, சாயப்பொடி மூக்குல ஏறாம மாஸ்க்கும் கையுறையும் கண்டிப்பா போடணும். உங்க குறிப்புல இது ஒரு வரிகூட இல்ல. அடுத்த வாரம் திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்க, பிள்ளைங்க இருக்கிற வீட்டுலயும் உங்க குறிப்பைப் பாத்து செய்யுறாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி