காற்றுக்கு ஏற்ற குண்டு

சான் அன்டோனியோ, டெக்சஸ்
மார்ச் 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிற செய்தியைப் படித்ததும் வீட்டில் சத்தம் போட்டு வாசித்தேன். உன் முட்டிக்குத் தைலம் போதாது, டாக்டரைப் பார். அச்சகக் கட்டடத்தை விற்றுவிட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறாய். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் வருகிறேன். "கடையில் குண்டு விற்கும்போது 62 வயதில் எதற்கடா கார் ஷெட்டில் உட்கார்ந்து ஈயம் காய்ச்சுகிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

நம் ஊர்த் திருவிழாவில் பலூன் சுடுவோமே, அந்தத் துப்பாக்கியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதே. அதில் போகிற ரவை 4.5 மில்லிமீட்டர் குறுக்களவு, எடை அரை கிராம். என் காற்றுத் துப்பாக்கியின் குழாய் 11.6 மில்லிமீட்டர். குண்டு 26 கிராம். மூன்றேகால் பவுன் என்றால் உனக்குக் கையில் எடை தெரியும். வெடிமருந்து கிடையாது. சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் கலனில் காற்றை அடைத்து வைக்கிறோம். கார் டயருக்கு 30, 35 பவுண்டு அடிப்பதோடு ஒப்பிட்டுப் பார். விசையை இழுத்தால் வால்வு ஒரு கணம் திறந்து மூடும், குண்டு வினாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மூன்று தடவை சுட்டால் மறுபடி நிரப்ப வேண்டும். அங்கே உரிமம் இல்லாமல் இதைத் தொட முடியாது. இங்கே டெக்சஸில் 2018 முதல் மான் வேட்டைக்கே அனுமதித்திருக்கிறார்கள், குழாய் 0.30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடு.

இது புதுச் சரக்கும் இல்லை. 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்தோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கியை வைத்திருந்தது. அதன் அடிக்கட்டையேதான் காற்றுக் கலன். கைப்பம்பில் ஏறக்குறைய 1,500 தடவை அடித்தால்தான் நிரம்பும். வீரனின் தோல்பையில் உபரிக் கலன்களோடு ஈயம் உருக்குகிற கரண்டியும் இருந்தது. 1803இல் கிளம்பி அமெரிக்காவின் மேற்குக் கரை வரை போய்த் திரும்பிய லூயிஸும் கிளார்க்கும்கூட ஒரு காற்றுத் துப்பாக்கி கொண்டுபோனார்கள். ஜிரார்தோனி வகைதான் அது என்று இன்று பலரும் கருதுகிறார்கள். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மற்றத் துப்பாக்கிகளுக்கான வெடிமருந்தை லூயிஸ் 52 ஈயக் குப்பிகளில் அடைத்து எடுத்துப் போனார். நனையாமல் இருக்கும். குப்பி காலியானதும் அதையே உருக்கிக் குண்டாக்கிவிடலாம். எவ்வளவு யோசித்திருக்கிறார் பார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் தப்பை உன் அப்பாவிடம் கற்ற பாடத்தை வைத்துத்தான் செய்தேன். கோடை விடுமுறையில் அச்சகத்தில் உட்கார்ந்து கலைத்த எழுத்துகளை அறை அறையாகப் பெட்டியில் போடுவோமே, அப்போது அவர் சொன்னது நினைவிருக்கிறதா? வெறும் ஈயத்தில் எழுத்து வார்த்தால் ஆறும்போது சுருங்கி விளிம்பு மழுங்கிப் போகும், ஆன்டிமனி என்ற உலோகம் சேர்ந்தால்தான் கொம்பும் சுழியும் கூர்மையாக நிற்கும் என்பார். அது மனதில் பதிந்திருந்தது. இங்கே மூடிப்போன ஓர் அச்சகத்தின் லைனோடைப் என்ற எழுத்து வார்க்கும் இயந்திரத்துக்கான உலோகக் கட்டிகள் விலைக்கு வந்தபோது யோசிக்காமல் வாங்கினேன். நூற்றுக்கு 84 ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். குண்டுகள் வெள்ளிக் காசு மாதிரி பளபளவென்று வந்து விழுந்தன. ஒவ்வொரு விளிம்பும் கத்தி. கான்கிரீட் தரையில் போட்டால் டங்கென்று மணியடித்தது. இதைவிட நல்ல குண்டு யாராலும் வார்க்க முடியாது என்று இருந்தேன்.

50 கஜத்தில் சுட்டுப் பார்த்தேன். ஐந்து குண்டும் தோசைக்கல் அளவுக்குப் பரவி விழுந்தன. அதிலும் ஒன்று அட்டைக்குள் பக்கவாட்டாக நுழைந்திருந்தது. துவாரம் வட்டமாக இல்லாமல் குண்டின் நீளத்துக்குச் சாவித் துளை போலத் தெரிந்தது. தொலைநோக்கியைச் சந்தேகித்தேன், காற்று வால்வைச் சந்தேகித்தேன், என் கையைச் சந்தேகித்தேன். இரண்டு மாதம் வீணாயிற்று.

விஷயம் இதுதான். துப்பாக்கிக் குழாய்க்குள் திருகு மரை ஓடுகிறது. குண்டு அந்த மரைக்குள் பிதுங்கி நிரம்பினால்தான் சுழலும், சுழன்றால்தான் நேராகப் போகும். 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட 45-70 என்ற தோட்டா போடும் மருந்துத் துப்பாக்கியும் இதே பருமனுள்ள குண்டைத்தான் சுடுகிறது. அதில் 28,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறும். பின்னாலிருந்து விழுகிற அந்த அடியில் குண்டின் அடிப்பாகம் தானாகவே அகன்று மரையை அடைத்துக்கொள்ளும். குண்டு கொஞ்சம் சிறிதாக இருந்தாலும் மருந்து சரிசெய்துவிடும். காற்றுக்கு அந்த வலு இல்லை. 3,000 பவுண்டு என்பது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. காற்று குண்டைத் தள்ளும், அதன் உருவத்தை மாற்றாது. குழாய்க்குப் பொருந்தாத, ஆன்டிமனியால் கெட்டியான குண்டைப் போட்டால் ஓரமாகக் காற்று கசியும், மரை பிடிக்காது. ஆகவே மருந்து செய்கிற வேலையை நான் முன்கூட்டியே என் ஷெட்டில் செய்து முடித்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற குண்டுகளில் பெரும்பாலானவை மருந்துத் துப்பாக்கிக்காகக் கெட்டியாக வார்த்தவை. ஏன் வாங்கவில்லை என்றாயே, இதுதான் காரணம்.

அப்புறம் சுத்தக் காரீயம் தேடி அலைந்தேன். கார் சக்கரத்தில் ஒட்டுகிற சமன் எடைகளை ஒரு காலத்தில் எல்லோரும் உருக்கினார்கள். அதிலும் ஆன்டிமனி உண்டு. இப்போது துத்தநாகத்தில் செய்த எடைகளும் கலந்து வருகின்றன. ஒன்று தப்பிக் கரைந்தாலும் கலவை கூழாகிக் குண்டு வார்க்கும் அச்சில் நிரம்பாது. கடைசியில் ஒரு பழைய பல் ஆஸ்பத்திரியை இடித்தபோது எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து உரித்த தகடு கிடைத்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. தரையில் போட்டேன், தொப்பென்று பச்சை மண் விழுகிற சத்தம். அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் சுத்த ஈயம் உன் அப்பா சொன்ன மாதிரியேதான் முரண்டு பிடிக்கிறது. 327 டிகிரியில் உருகிவிடும், அச்சில் நிரம்ப 400 வேண்டும். அச்சும் சூடாக இருக்க வேண்டும். முதல் பத்துக் குண்டு வற்றல் மாதிரி சுருக்கம் விழுந்து வரும், அப்படியே திருப்பிச் சட்டியில் போட்டுவிடுவேன். அச்சு சூடேறியதும் சுருக்கம் போய்விடும். சூடு அளவு மீறினால் மேலே விபூதி பூசியது போல மங்கல் படரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தாளம் இருக்கிறது, மாப்ளே. ஊற்றுவது, அச்சின் மேல்தகட்டில் நிற்கும் ஈயம் பளபளப்பு மங்கி உறைவதைப் பார்ப்பது, மனதுக்குள் ஐந்து எண்ணுவது, மரச்சுத்தியால் தகட்டைத் தட்டி வெட்டுவது, அச்சைத் திறந்து மடித்த துணிமேல் விழவிடுவது, மூடுவது, மறுபடி ஊற்றுவது. தாளம் தப்பினால் அச்சு ஆறிவிடும். டீ குடிக்க எழுந்தால்கூடக் குண்டின் எடையில் தெரிகிறது. நடுநடுவே துண்டு மெழுகைப் போட்டுக் கிளறி மேலே மிதக்கும் கசடை வழித்துவிட வேண்டும்.

சூடு பார்க்க வெப்பமானி வைத்திருக்கிறேன். ஆனாலும் உன் அப்பா செய்ததைச் செய்யாமல் இருக்க முடிவதில்லை. தேய்ந்த எழுத்துகளை எழுத்து வார்க்கும் பவுண்டரிக்கு அனுப்பக் கட்டியாக உருக்கும்போது, செய்தித்தாளைக் கிழித்து மடித்து உள்ளே விட்டு எடுப்பார். பழுப்பேறினால் சரி, கருகினால் அதிகம். நான் அதைச் செய்துவிட்டு வெப்பமானியைப் பார்ப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உருகிய ஈயத்தின் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது. ஈரக் கட்டியை உள்ளே போட்டால், அடியில் மாட்டிய ஈரம் நொடியில் ஆவியாகி முழுச் சட்டியையும் மேலே வீசிவிடும். மழை நாளில் நான் அடுப்பு பற்றவைப்பதே இல்லை. வேர்வை சொட்டாமல் தலையில் துண்டு கட்டிக்கொள்கிறேன்.

வார்த்த பிறகுதான் பாதி வேலையே. குழாயின் உள்ளளவு எழுதிவைத்த அளவாக இருக்காது. எண்ணெய் தடவிய குழாய்க்குள் ஈய உருண்டை ஒன்றை வைத்து, கம்பியால் மெதுவாக மறுமுனை வரை தள்ளி எடுத்தேன். மரை அதில் அப்படியே பதிந்திருந்தது. மைக்ரோமீட்டரில் 0.4572 அங்குலம். குண்டு அதைவிட ஒரு நூலிழை பெரிதாக இருந்தால்தான் மரையை நிரப்பும். குண்டை அளவுபடுத்தும் வளையம் 0.4565க்கு வாங்கி, அதன் துளையைத் தேய்த்து அகலமாக்க உட்கார்ந்தேன். குச்சியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் தேய்ப்பது, ஒரு குண்டைத் தள்ளி அளப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. 0.4575 வந்ததும் கையைக் கழுவிக்கொண்டேன். இன்னும் ஒரு இழுப்பு தேய்த்திருந்தால் வளையம் வீண். இப்போது வார்த்த குண்டைக் கைநெம்புகோலால் அந்த வளையத்தில் தள்ளினால், பக்கங்கள் கண்ணாடி மாதிரி ஆகி, என் ஒரு குழாய்க்கு மட்டுமே பொருந்தும் அளவில் வருகிறது.

பிறகு ஒவ்வொன்றாக நிறுக்கிறேன். உள்ளே காற்றுப் பை விழுந்தது எடை குறைவாகக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று சொல்கிறேன், எல்லோரும் குண்டின் மூக்கைத்தான் கவனிப்பார்கள். மூக்கில் சின்ன அடிபட்டால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பின்பக்க விளிம்பில் நகக்கீறல் அளவு குறை இருந்தால், குழாயை விட்டு வெளியேறும் கணத்தில் அந்த இடத்தில் காற்று முந்திக்கொண்டு குண்டை ஒரு பக்கம் தள்ளிவிடும். படகுக்குச் சுக்கான் பின்னால் இருப்பது போல. அதனால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வாலைத்தான் பார்க்கிறேன். நூறு வார்த்தால் எழுபது தேறும். மீதி சட்டிக்கே போகும். ஈயம் எத்தனை தடவை உருக்கினாலும் கோபித்துக்கொள்ளாது.

போன சனிக்கிழமை அதே 50 கஜம். ஐந்து குண்டும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கின. இரண்டு துவாரம் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த அட்டையை மடித்து இதோடு அனுப்பியிருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் வயலைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றிகளைச் சுட வரச் சொல்கிறார். இங்கே அது பெரிய தொல்லைதான். ஆனால் ஒரே குண்டில் விழும் என்ற உறுதி வராமல் உயிரைக் குறிபார்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வருடம் அட்டை போதும்.

நீ கவலைப்பட்டிருந்த விஷம் பற்றி. ஷெட்டின் கதவைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் ஓடவிட்டுத்தான் காய்ச்சுகிறேன். அங்கே தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சட்டையைத் தனியாகத் துவைக்கிறேன், குளிக்காமல் பேத்தியைத் தூக்குவதில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று இங்கே 2021இல் வரம்பைக் குறைத்துவிட்டார்கள். வருடம் ஒரு முறை நானும் சோதித்துக்கொள்கிறேன். உன் அப்பா சாயங்காலம் எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுப்பாரே, ஈயம் இறங்கிவிடும் என்று. வாழைப்பழத்தால் ஈயம் இறங்காது என்று இப்போது தெரிகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா, அப்புறம்தான் பழம் என்பார் பார், அதுதான் நம்மைக் காப்பாற்றியிருக்கும். அவர் கடைசி வருடங்களில் கை நடுங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை. எழுத்துக் கோக்கிறவர்களுக்கு அந்த நாளில் யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்?

இப்போது அச்சக விஷயம். எழுத்துப் பெட்டிகளை எடைக்குப் போட்டாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சரி, போகட்டும். ஆனால் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், கரி அடுப்புக்கு மேலே, ஆணியில் ஒரு இரும்புக் கரண்டி தொங்கும். நீளக் காம்பு, ஒரு பக்கம் மூக்கு, கைபிடிக்கும் இடத்தில் சணல் சுற்றியிருக்கும். கட்டடம் வாங்கியவர் உள்ளே வருவதற்குள் போய்ப் பார். இருந்தால் எடுத்துவந்து உன் வீட்டில் வை. டிசம்பரில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். நான் வைத்திருக்கும் கரண்டிக்கு மூக்கு சரியில்லை, கடைசிச் சொட்டு எப்போதும் வெளியில் விழுகிறது.

அன்புடன்,
உன் மாப்ளே