கட்டுரைகளின் எண்ணிக்கை மருத்துவ ஆய்வாளருக்கு அளவுகோல் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய், தீவிர சிகிச்சை ஆகிய இரு துறைகளிலும் பணியாற்றும் மருத்துவ ஆய்வாளர் ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். அவருடைய உழைப்பைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் தலைப்பிலும் முதல் பத்தியிலும் முடிவிலும் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையே திரும்பத் திரும்ப வந்ததே தவிர, அவற்றுள் ஒன்றிலேனும் அவர் கண்டறிந்தது என்ன என்பது ஒரு வரியில்கூட இல்லை. மருத்துவக் கல்லூரி நூலகராக இருந்து, ஆய்வாளர்களின் வெளியீட்டுப் பட்டியல்களைத் தொகுப்பதிலும் சரிபார்ப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவள் என்ற முறையில், இது குறித்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

இத்தகைய எண்களை வாசகர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். ஒரு நாள் மாலை, நூலகத்தைப் பூட்டப்போகும் நேரத்தில், ஒரு பெண் பத்திரிகையிலிருந்து கத்தரித்த துண்டோடு வந்தார். அவருடைய தந்தைக்கு இரத்தப் புற்றுநோய். கீமோதெரபிக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்து, காய்ச்சல் கண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். “அம்மா, இந்த டாக்டர் இத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார் என்று போட்டிருக்கிறது. அப்பாவை இவரிடமே மாற்றிவிடலாமா?” என்று கேட்டார். சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்லும் தகுதி எனக்கில்லை என்று கூறிவிட்டு, பட்டியலைப் பார்ப்பதற்கு மட்டும் உதவினேன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் என்ற இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடி, வந்தவற்றை அச்செடுத்து, இருவரும் பென்சிலோடு உட்கார்ந்தோம். அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட ஒரு கண் மருத்துவரின் கட்டுரைகள் முதலில் கழிந்தன. ஆய்விதழ்களுக்கு எழுதிய கடிதங்களும், தனியொரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளும், பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்துரைத்த கட்டுரைகளும் தனியே போயின. மாநாட்டில் வாசித்த சுருக்கமும், பின்னர் முழுமையாக வெளிவந்த அதே ஆய்வும் இரண்டாகக் கணக்கில் ஏறியிருந்தன. கடைசியில், அந்தத் தந்தையின் நிலையோடு நேரடியாகத் தொடர்புள்ளவை என்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே மிஞ்சின. அந்தச் சிலவும் நல்ல ஆய்வுகள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவற்றுள் ஒன்று, காய்ச்சல் தொடங்கியதிலிருந்து முதல் ஆன்டிபயாட்டிக் செலுத்தப்படும் வரையான நேரத்தைப் பற்றியது. அந்தப் பெண் அதைக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டு, தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவரிடமே கேட்கப்போவதாகச் சொல்லிச் சென்றார். பத்திரிகையில் வந்த எண் அவருக்கு ஆசையை மட்டுமே தந்தது. கேட்பதற்கு ஒரு கேள்வியைத் தந்தது அந்த ஒற்றைக் கட்டுரைதான்.

பட்டியலைப் பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் கவனிப்பது, ஆசிரியர் வரிசையில் பெயர் எங்கே நிற்கிறது என்பதை. மருத்துவத் துறையில் பெரும்பாலும் ஆய்வைக் கையில் எடுத்துச் செய்தவர் முதலிலும், அதை வழிநடத்திப் பொறுப்பேற்றவர் கடைசியிலும் இருப்பர். நடுவில் இருப்பவர்களின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், சில நோயாளிகளின் விவரங்களை அனுப்பிவைத்ததோடு முடிந்தும் இருக்கலாம். தீவிர சிகிச்சைத் துறையில் இதற்கு மாறான ஒரு வழக்கமும் உண்டு. அமெரிக்காவில் கடும் சுவாசச் செயலிழப்பு கொண்ட 861 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் செலுத்தும் காற்றை உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 ஆகக் குறைத்தபோது, இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. உலகெங்கும் வென்டிலேட்டரை இயக்கும் முறையையே மாற்றிய அந்தக் கட்டுரையின் ஆசிரியர் இடத்தில் இருப்பது தனிமனிதர் பெயரன்று, ஆய்வுக் குழுவின் பெயர். அதற்காக இரவு பகலாக உழைத்தவர்களின் பெயர்கள் பின்னிணைப்பில் இருக்கின்றன. எண்ணிக்கையால் மட்டும் அளந்தால், அவர்களுக்கு அது ஒரே ஒரு வரி. சில வேளைகளில் அதுவும் இல்லை.

ஓரிரு நோயாளிகளைப் பற்றிய கட்டுரை என்றாலே மதிப்புக் குறைந்தது என்று நான் கூறுவதாகவும் கொள்ள வேண்டாம். புற்றுநோயும் தீவிர சிகிச்சையும் சந்திக்கும் இடத்திலேயே இதற்கு எதிரான சான்று இருக்கிறது. 2012-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், இரத்தப் புற்றுநோய் முற்றிய ஆறு வயதுச் சிறுமிக்கு, அவளுடைய நோயெதிர்ப்பு அணுக்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சை அளிக்கப்பட்டது. செலுத்திய அணுக்கள் பெருகப் பெருகக் கடும் காய்ச்சல் கண்டு, இரத்த அழுத்தம் சரிந்து, அவள் வென்டிலேட்டரில் கிடந்தாள். இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்னும் புரதம் பெருமளவு உயர்ந்திருப்பதைக் கண்ட மருத்துவர்கள், அதன் செயலைத் தடுப்பதும் மூட்டழற்சிக்குப் பயன்பட்டுவந்ததுமான டொசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சிறுமி விரைவாகத் தேறினாள். இதை விவரித்து 2013-இல் வெளிவந்த கட்டுரை இரண்டே குழந்தைகளைப் பற்றியது. 2017-இல் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்காவில் முதன்முறையாக ஒப்புதல் கிடைத்த அதே நாளில், அதன் பக்கவிளைவுக்கு மருந்தாக டொசிலிசுமாபுக்கும் ஒப்புதல் கிடைத்தது. முற்றிய புற்றுநோய் என்றாலே வென்டிலேட்டர் வேண்டாம் என்று தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் தயக்கம் குறைந்ததற்கு இரு துறைகளையும் அறிந்தவர்கள் எழுதிய இத்தகைய கட்டுரைகளும் ஒரு காரணம். தங்கள் கட்டுரையில் வந்த ஆய்வாளர் இரு துறைகளிலும் பணியாற்றுகிறார் என்பதுதான் உண்மையில் செய்தி. அதுவோ போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கிறது.

எண்ணிக்கையை வியப்பதால் ஒருவருக்கும் கேடில்லை என்று சிலர் கருதலாம். அப்படிக் கருத முடியாதபடி செய்தது ஜெர்மனியின் யோவாகிம் போல்ட் என்ற மயக்கவியல் மருத்துவரின் கதை. அறுவை சிகிச்சையிலும் தீவிர சிகிச்சையிலும் இரத்த ஓட்டத்தைத் தாங்குவதற்காக இரத்த நாளத்தில் ஏற்றப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் கரைசலை ஆதரித்து அவர் எழுதிக் குவித்தார். 2009-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்த சிலர், அதில் உள்ள இரத்தப் பரிசோதனை அளவுகள் நோயாளிக்கு நோயாளி வேறுபடாமல் நம்ப முடியாத அளவுக்கு ஒத்திருப்பதைக் கவனித்து ஆய்விதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். வாசகர் கடிதத்தில் தொடங்கிய விசாரணையின் பயனாக அக்கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. இன்று அவருடைய கட்டுரைகளுள் 180-க்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டுள்ளன.

இதனால் நோயாளிக்கு என்ன என்று கேட்டால், அதற்கும் விடை இருக்கிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் கடும் செப்சிஸ் (தொற்றினால் உடலுறுப்புகள் செயலிழக்கும் நிலை) கொண்ட 798 நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், ஸ்டார்ச் கரைசல் பெற்றவர்களுள் 51 சதவீதத்தினரும், சாதாரண உப்புக் கரைசல் வகையைச் சேர்ந்த திரவத்தைப் பெற்றவர்களுள் 43 சதவீதத்தினரும் 90 நாளுக்குள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எல்லா ஆய்வுகளையும் ஒருசேரக் கணக்கிட்டவர்கள், போல்ட் நடத்தியதாகச் சொல்லப்பட்ட 7 ஆய்வுகளை, 590 நோயாளிகளின் விவரங்களை, நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். சேர்த்திருந்தபோது மங்கலாகத் தெரிந்த ஆபத்து அப்போது தெளிவாகத் தெரிந்தது. நீண்ட பட்டியல் ஒன்றின் மீதிருந்த மதிப்பு, கட்டிலில் கிடந்தவர்களின் சிறுநீரகத்தையும் உயிரையும் தொட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

பிழைபட்ட முடிவு வேறு, பொய் வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சையில் இரத்தச் சர்க்கரையை இன்சுலினால் மிகக் கறாராகக் கட்டுப்படுத்தினால் இறப்பு குறையும் என்று பெல்ஜியத்தில் ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2001-இல் கூறியது. பல நாடுகளில் 6,104 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, அப்படிச் செய்தால் இறப்பு சற்றுக் கூடுகிறது என்று 2009-இல் காட்டியது. முதல் ஆய்வை நடத்தியவர்கள் நேர்மையாகவே நடத்தினார்கள். அவர்கள் வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் மற்றவர்கள் அதைச் சோதிக்க முடிந்தது. ஆகவே ஒருவருடைய பட்டியலில் பின்னாளில் மறுக்கப்பட்ட ஆய்வு இருப்பது இழுக்கன்று. திரும்பப் பெறப்பட்டதா, எதற்காக, அதற்கு அவர் என்ன விளக்கம் அளித்தார் என்பவைதான் பார்க்க வேண்டியவை.

கட்டுரை வெளிவந்த ஆய்விதழின் மதிப்பெண்ணை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கை) கொண்டு தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் உருவான பிரகடனம் வலியுறுத்துகிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்ட இந்த அறிவுரை, பொதுமக்கள் நம்பிப் படிக்கும் நாளிதழுக்கும் பொருந்தும். இனி ஒரு மருத்துவ ஆய்வாளரை அறிமுகப்படுத்தும்போது, அவருடைய கட்டுரைகளுள் ஒன்றையேனும் எடுத்து, எத்தனை நோயாளிகளிடம் எதை எதனோடு ஒப்பிட்டார்கள், அதில் அவருடைய பங்கு என்ன, அதன் பிறகு சிகிச்சையில் எது மாறியது என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர்க் குழப்பம் நேராமலிருக்க, ஆய்வாளர்களுக்கென வழங்கப்படும் ஆர்க்கிட் எண்ணையும் சேர்த்து அச்சிட்டால், விரும்புகிற வாசகர் தாமே சென்று சரிபார்த்துக்கொள்வார்.

தாங்கள் அறிமுகப்படுத்திய ஆய்வாளரின் பட்டியலையும் பார்த்தேன். புற்றுநோயாளிகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எந்தக் கட்டத்தில் கொண்டுவருவது நல்லது என்பதைப் பற்றி அவர் முதல் ஆசிரியராக இருந்து எழுதிய ஆய்வு ஒன்று அதில் இருக்கிறது. அது எந்தக் குடும்பத்துக்கும் பயன்படக்கூடியது. அதைப் பற்றி அவரிடமே கேட்டு, எளிய தமிழில் தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரி நூலகர்