ஜிசிசி 4.8-ஐ விட்டுவிடுங்கள், ஆனால் சொல்லிவிட்டு விடுங்கள்

திறந்த மூல சி++ லைப்ரரிகளைப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம். ஜிசிசி என்ற கம்பைலரின் பழைய 4.8 பதிப்பு இன்னும் பல லைப்ரரிகளின் குறைந்தபட்சத் தேவையாக இருப்பதற்கு, அதோடு வந்த லினக்ஸ் சிஸ்டங்களான ரெட் ஹாட் 7, சென்ட்ஓஎஸ் 7 இரண்டுமே காரணம். இவற்றின் வழக்கமான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. பணம் கட்டி நீட்டிப்பு வாங்கியவர்களுக்கும் டெவ்டூல்செட் 11 என்ற புதிய கம்பைலர் தொகுப்பு இருக்கிறது. அதே கணினியில் ஜிசிசி 11 கிடைக்கும். சிஸ்டத்தின் பழைய சி++ லைப்ரரியில் இல்லாத பகுதிகளை அது பைனரிக்குள்ளேயே சேர்த்துவிடும். பழைய சிஸ்டத்தில் ஓட வேண்டுமென்றால் பழைய கம்பைலரில்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜிசிசி 5-ல் வந்த புதிய ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) அமைப்பு அங்கே கிடையாது. அதனால் வேறு கணினியில் அந்தப் புதிய அமைப்போடு கட்டிய லைப்ரரியை இணைத்தால், துண்டுகளைச் சேர்க்கும் லிங்கர் முரண்டு பிடிக்கும்.

4.8-ல் ரெஜெக்ஸ் (உரையில் வடிவங்களைத் தேடும் வசதி) ஹெடர் கோப்பு இருக்கும், வேலை செய்யாது. நிரல் கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது எக்ஸெப்ஷன் (பிழை) வீசும். முழுமையாக வந்தது 4.9-ல்தான். இதைவிட மோசமானதும் உண்டு: ஏஆர்எம்64 வகைச் செயலிகளில் 5.1-க்கு முந்தைய ஜிசிசி பதிப்புகள் சில, ஸ்டாக் பாயிண்டருக்கு (தற்காலிக நினைவகத்தின் எல்லைக்கு) அப்பாலுள்ள இடத்தைத் தொடும் நிரலை உருவாக்கித் தரவைக் கெடுத்தன. லினக்ஸ் கர்னல் ஏஆர்எம்64-ல் 5.1-க்கு முந்தையவற்றைக் கைவிட்டதற்கு இதுவே காரணம்.

சோதிக்காத கம்பைலரை "ஆதரிக்கிறோம்" என்று எழுதி வைப்பது வெறும் பேச்சு. சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னரில் சோதனை நடத்துவதே இன்று பாடாகிவிட்டது: பேக்கேஜ் முகவரிகளை வால்ட் என்ற பழைய காப்பகத்துக்கு மாற்ற வேண்டும், அதன் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.17 மிகப் பழையது என்பதால் நோட்.ஜேஎஸ் 20-ஐ நம்பியிருக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்கள் (தானியங்கிச் சோதனைகள்) அங்கே எழும்பாது.

ஜிசிசி 8-ஐக் குறைந்தபட்சமாக வையுங்கள். ரெட் ஹாட் 8-ம் டெபியன் 10-ம் அதோடுதான் வந்தன. கோப்புகளைக் கையாளும் ஃபைல்சிஸ்டம் வசதியைப் பயன்படுத்தினால் 8-ல் தனி லைப்ரரியை லிங்க் செய்ய வேண்டும், 9 முதல் தேவையில்லை. எழுத்துகளை மிதவைப் புள்ளி எண்களாக மாற்றும் ஃப்ரம்_சார்ஸ் 11-ல்தான் வந்தது, அதை நம்பாதீர்கள்.

கட்டும் வேலையை நடத்தும் சிமேக் கருவியில் "சி++17 வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஜிசிசி 5-ஐயும் அது ஏற்றுக்கொள்ளும், பிறகு உங்கள் பயனர் டெம்ப்ளேட் பிழைகளின் குவியலில் தவிப்பார். கம்பைலர் பதிப்பை நேரடியாகச் சோதித்து, ஒரே வரியில் காரணம் சொல்லி நிறுத்துங்கள். கிளாங் என்ற மற்றொரு கம்பைலருக்கு அதுவும் போதாது. லினக்ஸில் கிளாங் பொதுவாக சிஸ்டத்தின் ஜிசிசி ஹெடர்களையே எடுத்துக்கொள்வதால், புத்தம்புது கிளாங்கும் பழைய ஹெடரில் தடுக்கி விழும். தேவையான ஹெடரைச் சேர்த்த நாலு வரி நிரலை கம்பைல் செய்து பார்ப்பதே சரியான சோதனை.

பயனருக்குத் தரும் ஹெடர்களை மட்டும் சி++14-லேயே விடலாம். அவற்றை கம்பைல் செய்வது அவருடைய கம்பைலர். உள் கோப்புகளை கம்பைல் செய்வது உங்களுடையது.

மாற்றத்தைத் திருத்தப் பதிப்பில் திணிக்காதீர்கள். அடுத்த பெரிய பதிப்பில் செய்யுங்கள், முந்தைய வெளியீட்டுக் குறிப்பிலேயே அறிவியுங்கள். பழைய கிளைக்கு ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் போதும். அதற்கு மேலும் 4.8 வேண்டும் என்பவர்கள் சோதனைக் கணினியையும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரிகளைப் பேக்கேஜ் செய்பவர்கள்